மூன்று சேலை தூரம்

காஞ்சிபுரத்தில் ஒரு பாவு, அதாவது தறியில் நீளவாக்கில் ஏற்றும் இழைத் தொகுதி, பெரும்பாலும் மூன்று சேலைக்கானது. ரவிக்கைத் துணியோடு சேர்த்து ஒரு சேலை 6 மீட்டருக்குச் சற்று மேலே வரும். ஆக, பாவின் நீளம் 18, 19 மீட்டர். அவ்வளவு நீளத்தை எந்த நெசவாளர் வீட்டுக் கூடத்திலும் விரிக்க முடியாது. அதனால்தான் பிள்ளையார்பாளையத்துத் தெருக்களில் இருட்டு முழுசாகப் பிரியும் முன்பே மரக்கவைகள் வந்து நிற்கின்றன. இரண்டு முனையிலும் இழுத்துக் கட்டி, நடுவில் நாலைந்து பேர் நின்று இழைகளைப் பிரித்து, அறுந்ததை முடிந்து, அரிசிக் கஞ்சி பூசி நீவி, வெயில் ஏறுவதற்குள் சுருட்டி உள்ளே கொண்டுபோய்விட வேண்டும். வெயில் ஏறினால் இழை முறுகும், காற்றடித்தால் சிக்கும், மழை பெய்தால் அன்றைக்கு வேலையே இல்லை. அப்பன் பாட்டன் காலத்திலிருந்து இந்த மூன்றுக்கும் பயந்து பழகிய தெருவில் நான்காவது பயமாக வந்து சேர்ந்திருக்கிறது, வேகமாக வரும் வண்டி.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 60 கிலோமீட்டர் வேகத்தில் வரும் மோட்டார் சைக்கிள் ஒரு நொடியில் கிட்டத்தட்ட 17 மீட்டர் கடந்துவிடும். எதிரே ஏதோ இருக்கிறது என்று கண் பார்த்து, மூளை உணர்ந்து, கை பிரேக்கைப் பிடிக்க ஒரு நொடியாவது ஆகும். அதற்குள்ளேயே ஏறக்குறைய ஒரு பாவின் நீளம் முடிந்துபோகிறது. பிரேக் பிடித்த பிறகு, நல்ல டயரும் காய்ந்த தரையும் இருந்தால்கூட இன்னும் 20 மீட்டர் ஓடித்தான் வண்டி நிற்கும். மொத்தம் இரண்டு பாவு, அதாவது ஆறு சேலை தூரம். அதே வண்டி 30 கிலோமீட்டரில் வந்தால் 14 மீட்டருக்குள் நின்றுவிடும். பாவின் ஒரு முனையில் நிற்பவரைப் பார்த்துப் பிரேக் போட்டால் மறுமுனைக்குப் போய்ச் சேராது. விடியற்காலையில் தரை காய்ந்திருப்பதும் இல்லை. வாசல் தெளித்துக் கோலம் போடும் நேரம் அது. சிமென்ட் தரையில் சாணித் தண்ணீர் ஈரம் என்றால் என்ன ஆகும் என்பதை வண்டி ஓட்டுகிற யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை.

பாவில் வண்டி மோதினால் போவது நூல் மட்டுமல்ல என்பது உண்மைதான். ஆனால் நூலையும் சாதாரணமாக நினைத்துவிட முடியாது. ஆயிரக்கணக்கான இழைகள் கொண்ட பட்டுப் பாவு அது. ஒரு கைப்பிடி மாட்டி இழுத்துக்கொண்டு போனால், அறுந்த இழைகளைத் தேடி ஒவ்வொன்றாக முடிவதற்கு வீட்டில் உள்ள அத்தனை பேரும் உட்கார வேண்டும். அந்த நாள்களுக்குக் கூலி கிடையாது. இடித்தவர் பெரும்பாலும் நிற்பதும் கிடையாது.

சட்டம் என்ன சொல்கிறது என்று பார்த்தால் தூக்கிவாரிப் போடும். 2018 ஏப்ரலில் மத்திய அரசு வெளியிட்ட அறிவிக்கையின்படி நகராட்சி எல்லைக்குள் உள்ள சாலைகளில் காருக்கு உச்ச வேகம் 70 கிலோமீட்டர், மோட்டார் சைக்கிளுக்கு 60. மாநில அரசோ, அது அதிகாரம் கொடுத்த அமைப்போ இதைவிடக் குறைவாக நிர்ணயிக்கலாம். அப்படி நிர்ணயிக்காத வரைக்கும், பத்தடி அகலச் சந்தில் 55-ல் பறப்பவர் வேக வரம்பை மீறியவர் ஆகமாட்டார். அபாயகரமாக ஓட்டினார் என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 184-ஆம் பிரிவில் வழக்குப் போடலாம். ஆனால் அதற்குக் காவலர் அங்கே இருக்க வேண்டும். விடிகாலை ஐந்தரைக்கு எந்தக் காவலர் பாவுத் தெருவில் நிற்கப் போகிறார்?

இந்த வேகம் எப்போது, எந்த வழியாக ஊருக்குள் வந்தது? ஒரே காரணம் சொல்லிவிட முடியாது. முதலில் காந்தி ரோடு. பட்டுக்கடைகள் வரிசையாக நிற்கும் அந்தச் சாலையில் முகூர்த்த நாள்களிலும் அதற்கு முந்தின வாரங்களிலும் ஆந்திரா, கர்நாடகா, சென்னை என்று எல்லாப் பதிவெண்களும் நின்றுகொண்டிருக்கும். அங்கே வேகத்துக்கு இடமே இல்லை, ஊர்ந்துதான் போக வேண்டும். ஊர்ந்து ஊர்ந்து எரிச்சலானவர்கள் பக்கத்துத் தெருவில் நுழைகிறார்கள். முன்பெல்லாம் குறுக்குவழி தெரிந்தவர் உள்ளூர்க்காரர் மட்டும்தான். இப்போது கைப்பேசி வரைபடமே எல்லாருக்கும் சந்து பொந்தைக் காட்டிக்கொடுக்கிறது. பெரிய சாலையில் இழந்த ஐந்து நிமிடத்தைச் சின்னத் தெருவில் மீட்டுவிடலாம் என்ற கணக்கில் ஆக்சிலேட்டரை முறுக்குகிறார்கள்.

அடுத்தது தெருவே மாறிப்போனது. மேடும் பள்ளமுமாக இருந்த தெருக்களுக்குச் சிமென்ட் போட வேண்டும் என்று மனு மேல் மனு கொடுத்தது மக்கள்தான். கேட்டது நியாயமான வசதி, சேற்றில் எத்தனை காலம் நடப்பது? ஆனால் பள்ளம் இருந்தவரை அதுவே ஒரு வேகத்தடையாக இருந்தது என்பது, வழவழப்பான தரை வந்த பிறகுதான் புரிந்தது. பழைய தளத்தைச் சுரண்டாமல் மேலே மேலே போட்டுக்கொண்டே போனதில் தெரு உயர்ந்து, பல வீடுகளின் வாசற்படி காணாமல் போயிற்று. திண்ணை போய், படியும் போய், இப்போது கதவைத் திறந்து ஒரு குழந்தை கால் வைத்தால் அது நேராக வண்டி ஓடும் தரையில்தான் வைக்கிறது.

மூன்றாவது காரணம், ஷிப்ட். இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் ஆலை 1998-ல் கார் தயாரிக்கத் தொடங்கியது. பிறகு ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் என்று தொழிற்சாலைகள் பெருகின. காஞ்சிபுரத்தின் காலை நேரமே மாறிவிட்டது. கம்பெனி பஸ்கள் விடியும் முன்பே ஊரைச் சுற்றி ஆள் ஏற்றுகின்றன. பஸ்ஸைத் தவறவிட்டால் அன்றைய வருகை போச்சு. அதனால் பஸ் நிற்கும் இடத்துக்கு அண்ணனையோ தம்பியையோ பின்னால் உட்காரவைத்துக்கொண்டு பைக்குகள் பறக்கின்றன. பஸ் ஓட்டுநருக்கும் நெருக்கடிதான், குறித்த நிமிடத்தில் ஆலை வாசலில் இருந்தாக வேண்டும். பாவு விரிக்கும் நேரமும் முதல் ஷிப்ட் ஆள் எடுக்கும் நேரமும் ஒன்றாக வந்து மோதுகின்றன.

இங்கேதான் விஷயம் சங்கடமாகிறது. தெருவில் வேகமாக வருபவன் யார் என்று கேட்டால், வெளியூர்க் கார்க்காரர் என்று சொல்லிவிடத்தான் எல்லாருக்கும் ஆசை. அந்த ஐந்தரை மணிக்குப் பறக்கிற பையன் எந்த வெளியூரும் இல்லை. நாலு வீடு தள்ளி இருக்கும் நெசவாளரின் மகன். தறிக்குழியில் கால் வைத்துப் பழகாதவன், அப்பாவின் கூலியைப் பார்த்துவிட்டு மாதச் சம்பளத்துக்குப் போனவன். அவனுடைய வண்டிக்குத் தவணை கட்டுவதும் அந்தச் சம்பளம்தான். ஒரு தலைமுறை நெய்வதற்காகத் தெருவை மறிக்கிறது, அடுத்த தலைமுறை நெசவை விட்டு ஓடுவதற்காக அதே தெருவைக் கேட்கிறது. இரண்டு பேரும் இரவில் ஒரே சோற்றுப் பானையில்தான் சாப்பிடுகிறார்கள். ‘வெளியாட்களால் தொல்லை’ என்று எழுதும் மனுக்கள் பாதி உண்மையைத்தான் சொல்கின்றன.

குடியிருப்போர் சும்மா இருந்துவிடவில்லை. முதல் ஆயுதம் தொண்டை: ‘பாவு இருக்குப்பா, மெதுவா வுடு!’ அதற்கு மதிப்பு குறைந்ததும் தெருமுனையில் கல். கல்லில் இடறி யாராவது விழுந்தால் பழி வரும் என்று பிறகு காலி டிரம், உடைந்த நாற்காலி, குறுக்கே கட்டிய கயிறு. கயிறு எல்லாவற்றையும்விட மோசம். இருட்டில் கண்ணுக்குத் தெரியாத கயிறு வண்டிக்காரனின் கழுத்தை அறுத்துவிடும். அதைக் கட்டுகிறவர்கள் தங்கள் மேல் கொலைக்குச் சமமான வழக்கு வரலாம் என்பதை யோசிப்பதில்லை. எங்காவது ஒரு விபத்து நடந்துவிட்டால் மறியல். அந்த நேரத்தில் தாசில்தாரோ இன்ஸ்பெக்டரோ வந்து வாக்குறுதி கொடுப்பார், ஒரு வாரத்தில் வேகத்தடை முளைக்கும்.

அந்த வேகத்தடையைப் பற்றிக் கொஞ்சம் நிறைய பேச வேண்டியிருக்கிறது. தமிழ்நாட்டில் எந்தத் தெருவிலும் மக்கள் முதலில் கேட்பது இதைத்தான். கிடைப்பதோ பெரும்பாலும் வேறு ஏதோ ஒன்று. இந்திய சாலைகள் காங்கிரஸ் என்ற அமைப்பு இதற்கென்றே ஐ.ஆர்.சி. 99 என்று ஒரு வழிகாட்டி வைத்திருக்கிறது. அதன்படி வேகத்தடை 10 சென்டிமீட்டர் உயரமும் 3.7 மீட்டர் அகலமும் உள்ள, மெல்ல ஏறி மெல்ல இறங்கும் ஒரு வளைவு. 25 கிலோமீட்டரில் ஏறினால் உடம்பு அலுங்காது, 50-ல் ஏறினால் தூக்கிப் போடும். அதன் சூட்சுமமே அதுதான்: மெதுவாக வருபவரை விட்டுவிட்டு வேகமாக வருபவரை மட்டும் தண்டிக்க வேண்டும். 1973-ல் பிரிட்டனின் சாலை ஆராய்ச்சிக் கூடத்தில் வாட்ஸ் என்பவர் விதவிதமான மேடுகள் மேல் வண்டிகளை ஓட்டிப் பார்த்துக் கண்டுபிடித்த வடிவம் இது. அவர் கொடுத்த அகலமும் இதே 3.7 மீட்டர்தான்.

நம் தெருக்களில் இருப்பது? மீந்துபோன கான்கிரீட்டை ஒரு முழ அகலத்துக்குக் கொட்டி, கரண்டியால் தடவி விட்ட கட்டை. அது 15 கிலோமீட்டரில் வரும் முதியவரின் முதுகெலும்பையும் பிள்ளைத்தாய்ச்சி உட்கார்ந்திருக்கும் ஆட்டோவையும் உலுக்கும். வேகமாக வரும் பைக்கோ ஓரத்தில் விட்ட அரையடி இடைவெளியில் நழுவிப் போய்விடும். அதாவது தண்டனை தலைகீழாகிறது. கறுப்பு வெள்ளைச் சாயம் இல்லை, 40 மீட்டருக்கு முன்னால் இருக்க வேண்டிய எச்சரிக்கைப் பலகையும் இல்லை. இரவில் புதிதாக வருகிறவர் பறந்து விழுகிறார். தெருவுக்காக வைத்தது தெருவில் ஒருவரைக் கொல்கிறது. தாங்களாகவே இரவோடு இரவாகக் கட்டை கட்டும் குடியிருப்போர் சட்டப்படியும் தவறு செய்கிறார்கள். அவர்கள் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. முறையாகக் கேட்டுக் கிடைக்காததால்தான் அந்தக் கரண்டியை எடுத்தார்கள். இருந்தாலும் முழ அகலக் கட்டை வேண்டவே வேண்டாம்.

முறையாகக் கேட்பது எப்படி? திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர் கூட்டம். மனு கொடுத்தால் ரசீது வரும். பிறகு மனு ஊர் சுற்றக் கிளம்பும். 2021-ல் மாநகராட்சியான காஞ்சிபுரத்துக்கு 51 வார்டுகள். உள் தெருக்கள் மாநகராட்சியுடையவை, பெரிய சாலைகள் சில நெடுஞ்சாலைத் துறையுடையவை, போக்குவரத்து காவல் துறையுடையது, பஸ் அனுமதியும் ஓட்டுநர் உரிமமும் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துடையவை. ‘எங்கள் தெருவில் வண்டிகள் வேகமாகச் செல்கின்றன, தக்க நடவடிக்கை எடுக்கவும்’ என்று ஒரு வரியில் முடிகிற மனுவை நால்வரில் எவரும் தன்னுடையதல்ல என்று ஒதுக்கிவிடலாம். ஒதுக்குகிறார்கள்.

இத்தனைக்கும் அடியில் ஒரு பெரிய கணக்கு இருக்கிறது. 2022-ல் தமிழ்நாட்டில் நடந்த சாலை விபத்துகள் 64,105, இறந்தவர்கள் 17,884 பேர். விபத்து எண்ணிக்கையில் நாட்டிலேயே முதலிடம். அதே ஆண்டு இந்தியா முழுக்க இறந்த 1,68,491 பேரில் 71 சதவீதத்துக்கு மேல் அதிவேகத்தால் இறந்ததாக மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கை சொல்கிறது. இந்தச் சதவீதத்தை நான் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் எடுத்துக்கொள்வேன். காவல் நிலையப் படிவத்தில் ஓட்டுநரைக் குற்றம் சொல்லும் கட்டத்தில் டிக் போடுவது எளிது. தெருவை அப்படி அமைத்தவரைக் குற்றம் சொல்ல எந்த ஏட்டுக்குத் துணிச்சல் வரும்?

தெருவை அமைத்தவரைக் கேள்வி கேட்ட நாடு ஒன்று உண்டு. நெதர்லாந்தில் 1971-ல் சாலையில் இறந்தவர்கள் 3,000 பேருக்கு மேல், அவர்களில் 400-க்கும் மேற்பட்டவர்கள் குழந்தைகள். மறு ஆண்டு, மகளைப் பறிகொடுத்த ஒரு பத்திரிகையாளர் ‘குழந்தைக் கொலையை நிறுத்துங்கள்’ என்று தலைப்பிட்டு எழுதினார். அந்தத் தலைப்பே ஓர் இயக்கத்தின் பெயராகி, பெற்றோர்கள் நடுத்தெருவில் உட்கார்ந்தார்கள். அங்கே டெல்ஃப்ட் நகரில் அதற்கு முன்பே குடியிருப்புத் தெருக்களை வளைத்து, மரமும் பெஞ்சும் வைத்து, நேராகப் பறக்க முடியாதபடி ஆக்கியிருந்தார்கள். 1976-ல் அத்தகைய தெருக்களுக்குச் சட்டமே வந்தது: அங்கே நடப்பவருக்கும் விளையாடும் குழந்தைக்கும் தெரு முழுவதும் உரிமை, வண்டி ஆளோடு ஆளாக ஊர்ந்து போக வேண்டும்.

அதை ஐரோப்பாவின் விஷயம் என்று தள்ள வேண்டாம். 1915-ல் சென்னை மாகாணத்தைச் சுற்றி வந்த ஸ்காட்லாந்து நகரமைப்பு அறிஞர் பேட்ரிக் கெடஸ், காஞ்சிபுரத்தின் தெரு அமைப்பைப் பார்த்து வியந்து பாராட்டியவர். அவர் பார்த்தது தேர் போவதற்காக அகலமாக விட்ட ராஜ வீதிகளை, கோயிலைச் சுற்றிப் படிப்படியாக விரியும் தெருக்களை. ஆள் நடக்கும் வேகத்துக்கு அமைத்த ஊர் இது. இன்றைக்கும் வைகாசி கருட சேவைக்கு வரதராஜப் பெருமாள் சின்ன காஞ்சிபுரத்திலிருந்து புறப்பட்டால் பெரிய காஞ்சிபுரம் வரைக்கும் சாலை அவருடையது. யாரும் ஹாரன் அடிப்பதில்லை. பங்குனியில் ஏகாம்பரநாதர், மாசியில் காமாட்சி அம்மன் என்று ஆண்டு முழுக்க ஏதோ ஒரு தெரு வண்டிகளுக்கு மூடப்பட்டுக்கொண்டே இருக்கிறது. 2019-ல் அத்திவரதர் எழுந்தருளிய 48 நாளும் வெளியூர் வண்டிகளை ஊருக்கு வெளியே ஓரிக்கை, ஒலிமுகமதுபேட்டைப் பக்கம் நிறுத்தி, ஒரு கோடி அளவுக்கு வந்த கூட்டத்தை உள்ளே கொண்டுவந்தது இதே மாவட்ட நிர்வாகம்தான். நெரிசலில் உயிரிழப்பும் நடந்தது, குறைகளும் இருந்தன. ஆனால் வண்டியை நிறுத்த முடியாது என்று அப்போது ஓர் அதிகாரியும் சொல்லவில்லை. சாமிக்காக 48 நாள் முடிந்தது, பாவுக்காகக் காலையில் இரண்டரை மணி நேரம் முடியாதா?

வேக வரம்பைக் குறைப்பதும் புதுமையில்லை. 2023 நவம்பரில் சென்னைப் போக்குவரத்துக் காவல் துறை குடியிருப்புப் பகுதிகளில் எல்லா வண்டிகளுக்கும் 30 கிலோமீட்டர் என்று நிர்ணயித்தது. 2020-ல் ஸ்டாக்ஹோமில் கூடிய உலக நாடுகளின் அமைச்சர்கள், நடப்பவரும் வண்டியும் கலக்கும் இடங்களில் 30-ஐத்தான் பரிந்துரைத்தார்கள். சென்னைக்கு எழுதிய உத்தரவைப் பெயர் மாற்றிக் காஞ்சிபுரத்துக்கு எழுத எவ்வளவு மை செலவாகும் என்று தெரியவில்லை. பலகை மட்டும் வைத்தால் போதாது என்பதும் உண்மை. பலகையோடு சேர்த்து, சரியான அளவில் வேகத்தடை, நேரான தெருவின் நுழைவாயிலில் குறுகல், திருப்பத்தில் தரையை உயர்த்துவது ஆகியவையும் வேண்டும். நேராக, அகலமாக, வழவழப்பாக ஒரு தெருவைப் போட்டுவிட்டு மெதுவாகப் போ என்று எழுதி வைப்பது, பந்தி போட்டுவிட்டு விரதம் இருக்கச் சொல்வது.

வீட்டுக்குள்ளும் பேச வேண்டியது இருக்கிறது. பத்தாவது படிக்கும் பையனிடம் ‘கடைக்குப் போய் ஜரிகை வாங்கிட்டு வாடா’ என்று சாவியைக் கொடுப்பது இங்கே சர்வ சாதாரணம். 2019 செப்டம்பர் 1-ல் நடைமுறைக்கு வந்த சட்டத் திருத்தத்தின் 199ஏ பிரிவு அந்தச் சாவியைக் கொடுத்தவரைத்தான் பிடிக்கிறது: பெற்றோருக்கோ வண்டி உரிமையாளருக்கோ மூன்றாண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம், வண்டியின் பதிவு ஓராண்டுக்கு ரத்து, பையனுக்கு 25 வயது வரை உரிமம் கிடையாது. ஒரு சேலை நெய்த கூலியையும் இந்த அபராதத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் போதும், சாவி ஆணியிலேயே தொங்கும். தெருக்காரர்கள் கூடிக் கம்பெனி வேலைக்குப் போகும் தங்கள் பிள்ளைகளிடம் முதலில் பேசிவிட்டு, அப்புறம் ஆட்சியரிடம் போனால் மனுவுக்குக் கூடுதல் கனம் இருக்கும்.

அந்த மனுவில் என்ன எழுத வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். மோட்டார் வாகனச் சட்டத்தின் 112-ஆம் பிரிவு, பொதுமக்கள் பாதுகாப்புக்காகவோ சாலையின் தன்மையை முன்னிட்டோ ஒரு பகுதிக்குத் தனி வேக வரம்பு வைக்க இடம் தருகிறது. 115-ஆம் பிரிவு, வண்டிகளையே குறிப்பிட்ட சாலையில் தடுக்க இடம் தருகிறது. வழக்கமாக இதற்கு அரசிதழ் அறிவிப்பு வேண்டும். ஆனால் கட்டுப்பாடு ஒரு மாதத்துக்கு மேல் போகாது என்றால் அந்த அறிவிப்புகூடத் தேவையில்லை என்று இரண்டு பிரிவுகளுமே சொல்கின்றன. எனவே ‘தக்க நடவடிக்கை’ என்று எழுதாமல், தெருக்களின் பெயரை வரிசையாகக் குறிப்பிட்டு, காலை 5 முதல் 7.30 வரை வெளி வண்டிகளுக்குத் தடை, மற்ற நேரத்தில் 30 கிலோமீட்டர், பரீட்சார்த்தமாக ஒரு மாதம் என்று கேட்கலாம். ஐ.ஆர்.சி. 99-ன் அளவைக் குறிப்பிட்டு, எந்த வீட்டு எண்ணுக்கு எதிரே வேகத்தடை என்று வரைபடமும் இணைக்கலாம். ஆட்சியருக்கு ஒன்று, காவல் கண்காணிப்பாளருக்கு ஒன்று, மாநகராட்சி ஆணையருக்கு ஒன்று, வார்டு கவுன்சிலருக்கு ஒன்று. ஐந்தாவது நகல் கம்பெனி பஸ்களை ஓட்டும் ஒப்பந்தக்காரர்களுக்கு: ஆள் ஏற்றும் இடத்தைத் தெருவுக்குள்ளிருந்து பெரிய சாலைக்கு மாற்றவும், நேரத்தைப் பத்து நிமிடம் தள்ளி வைக்கவும். வடகிழக்குப் பருவமழை இறங்கிவிட்டால் தெருவில் பாவு விரிப்பதே நாள் பார்த்துத்தான். அதனால் ஆவணி முகூர்த்தங்களுக்குத் தறிகள் மும்முரமாக ஓடும் ஆடி மாதத்தை அந்தச் சோதனை மாதமாகக் கேட்பது உத்தமம்.